ஆழமும் மெருகும்: சுயாதீனக் காலனி விளையாட்டுகள் பற்றி

2015 டிசம்பரில் 'டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ்' என்ற கணினி விளையாட்டில் மதுக்கூடங்கள் சேர்க்கப்பட்டன. சீக்கிரமே ஆடுபவர்களிடமிருந்து ஒரு புகார் வந்தது: கோட்டைக்குள் பூனைகள் வாந்தியெடுத்துச் செத்துக் கிடக்கின்றன. விளையாட்டை எழுதிய டார்ன் ஆடம்ஸ் காரணத்தைத் தேடினார். பூனை மது அருந்தும் என்று நிரலில் எங்கும் அவர் எழுதியிருக்கவில்லை. குள்ளர்கள் குடிக்கும்போது கோப்பையிலிருந்து மது தரையில் சிந்தும். தரையில் தேங்கியது அவ்வழியே நடக்கும் உயிரின் பாதத்தில் ஒட்டும். பூனை தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். நக்கியது வயிற்றுக்குள் போகும். உடல் எடைக்கு மிஞ்சிய மது நஞ்சாகும். ஒவ்வொன்றும் வேறு வேறு தேவைக்காக எழுதப்பட்ட விதி. எல்லாம் ஓரிடத்தில் கூடியபோது பூனைகள் செத்தன. பிழை என்று சொல்லத்தக்கது ஒன்றுதான்: பாதத்தில் ஒட்டிய சொட்டை நக்கினாலும் ஒரு முழுக் கோப்பை குடித்ததாகக் கணக்கு ஏறியது.

காலனி சிமுலேஷன் என்ற விளையாட்டு வகைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. இந்த வகையில் ஆடுபவருக்கென்று நாயகன் கிடையாது. அறியாத நிலத்தில் ஒரு சிறு கூட்டம் வந்து இறங்குகிறது. எங்கே தோண்டுவது, எதை விதைப்பது, எந்தச் சுவரை எழுப்புவது என்று ஆடுபவர் குறித்து வைக்கிறார். அதைச் செய்வதும், செய்யாமல் சோர்ந்து உட்கார்வதும், பாதியில் சண்டை பிடிப்பதும் அந்த மனிதர்கள் பாடு. வெற்றி என்று ஒரு முடிவு பெரும்பாலும் இல்லை. காலனி அழியும்வரை ஆட்டம் நீள்கிறது. பெரிய நிறுவனங்கள் அவ்வளவாகக் கால்வைக்காத இந்தக் களத்தை, ஒருவர் இருவராகவும் சிறு குழுக்களாகவும் இயங்கும் சுயாதீனப் படைப்பாளர்களே கடந்த இருபது ஆண்டுகளில் வளர்த்தெடுத்தார்கள்.

இவற்றை மதிப்பிடும்போது ஆழம், மெருகு என்று இரண்டு தட்டுகள் வைப்பது வழக்கம். ஆழம் என்றால் உள்ளே எத்தனை விதிகள் இயங்குகின்றன, அவை எவ்வளவு தூரம் ஒன்றையொன்று தொடுகின்றன என்பது. மெருகு என்றால் வரைகலை, ஒலி, பொத்தான்களின் ஒழுங்கு, புதியவரைக் கைப்பிடித்து அழைத்துப் போகும் பாங்கு. ஒரு தட்டு ஏறினால் மற்றது இறங்கும் என்பது பரவலான கருத்து. இதை நான் ஏற்கவில்லை. காலனி அழிந்தபின் 'ஏன் அழிந்தது?' என்று கேட்கும் ஒருவர், விளையாட்டுக்குள்ளேயே தடம் பிடித்து அந்தக் காரணம்வரை போக முடிகிறதா என்பதுதான் என் உரைகல். தடமே இல்லாத ஆழத்தால் ஆடுபவருக்குப் பயனில்லை. தடம் பிடித்துப் போனால் கடைசியில் ஒன்றுமே இல்லை என்றால், அந்த மெருகினாலும் பயனில்லை.

டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸிலிருந்து தொடங்குவதே முறை. டார்ன் ஆடம்ஸ் ஸ்டான்ஃபோர்டில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். சகோதரர் ஸாக் கதைகளையும் திட்டங்களையும் உடனிருந்து வகுத்தார். 2002-இல் தொடங்கிய வேலை, 2006 ஆகஸ்டில் முதல் பொதுப் பதிப்பாக வெளிவந்தது. 'பே 12 கேம்ஸ்' என்ற பெயரில் இருவரும் அதை இலவசமாகக் கொடுத்து, ஆடுபவர்கள் அனுப்பும் நன்கொடையில் பல ஆண்டுகள் வாழ்ந்தார்கள். 2012-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்புக்கு எடுத்துக்கொண்ட முதல் 14 கணினி விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. பேக்மேன், டெட்ரிஸ் வரிசையில், திரை முழுக்க எழுத்துக்குறிகளாலேயே ஆன ஒரு விளையாட்டு இடம்பிடித்தது.

புதிய ஆட்டம் தொடங்கும்போதே ஒரு முழு உலகம் பிறக்கிறது. மலை, ஆறு, மழை எல்லாம் கணக்கிட்டு உருவாகின்றன. பிறகு சில நூறு ஆண்டுகளின் வரலாறு ஓடுகிறது: அரசுகள் எழுகின்றன, போர்கள் நடக்கின்றன, பெயருள்ள மனிதர்கள் பிறந்து மணந்து கொலையுண்டு போகிறார்கள். ஆடுபவரின் ஏழு குள்ளர்கள் வந்து இறங்குவது அந்த வரலாற்றின் ஒரு முனையில்தான். ஒவ்வொரு உடலும் உறுப்பு உறுப்பாக, தோல், கொழுப்பு, தசை, எலும்பு என்று அடுக்கடுக்காகக் கணக்கில் இருக்கிறது. ஈட்டி பட்டால் எந்த நரம்பு அறுந்தது என்று சண்டைக் குறிப்பு சொல்லும். அந்தக் கை பிறகு எதையும் பிடிக்காது. ஒவ்வொரு கட்டத்திலும் தண்ணீர் ஏழு அளவுகளில் நிற்கும், அழுத்தம் கூடினால் மேலேறும். துயரம் நினைவாகத் தங்கிப் பின்னர் எப்போதாவது கிளர்ந்தெழும்.

இதில் என்னை மிகவும் கவர்வது சுவர்ச் சிற்பங்கள். செதுக்குவோர் சுவரில் எதையாவது வடிக்கிறார்கள். அது பெரும்பாலும் வெறும் அலங்காரமல்ல. அந்த உலகத்தின் வரலாற்றில் நடந்த ஒரு போர், ஒரு மன்னனின் சாவு, இதே கோட்டையில் முந்தைய ஆண்டு நிகழ்ந்த ஒரு தாக்குதல் ஆகியவை படமாகின்றன. உள்ளே புதைந்த கணக்கு, ஆடுபவர் கண்ணில் படும்படி இப்படி மேலே வருகிறது. திடீரென்று ஆவேசம் வந்த ஒரு குள்ளர் பட்டறையைப் பிடித்துக்கொண்டு, குறிப்பிட்ட எலும்பும் கல்லும் துணியும் கேட்டு, கிடைத்தால் பெயர்பெற்ற அரும்பொருள் ஒன்றைச் செய்து முடிக்கிறார். கிடைக்காவிட்டால் மனம் பேதலித்துச் சாகிறார். அந்தப் பொருளின் மேல் என்ன பொறிக்கப்பட்டிருக்கிறது என்று படித்தால், அங்கேயும் பழைய கதை ஒன்று இருக்கும்.

ஆனால் 2022வரை இதையெல்லாம் படிக்கக் கிடைத்த வழி கொடுமையானது. சுட்டிக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. ஒரு பட்டியலில் அம்புக்குறி விசைகள் நகர்த்தும், இன்னொன்றில் கூட்டல் கழித்தல் விசைகள். யார் எந்த வேலை செய்வது என்று ஒவ்வொரு குள்ளராகத் திறந்து மாற்ற வேண்டும். ஆட்கள் 100-ஐத் தாண்டினால் அது நடவாத காரியம். ஆகவே ஆடுபவர்களே 'டுவார்ஃப் தெரபிஸ்ட்' என்ற தனி மென்பொருளை எழுதினார்கள். விளையாட்டின் நினைவகத்தைப் படித்து அது ஒரு அட்டவணையாகக் காட்டியது. ஒரு விளையாட்டை ஆட அதன் வெளியே இன்னொரு கருவி தேவைப்படும் நிலையைச் சிலர் பெருமையாகவே பேசினார்கள். கடினம்தான் இதன் தகுதி, எளிதாக்கினால் மதிப்புப் போய்விடும் என்றார்கள். நிலத்தடி நீரோட்டத்தைத் தடுக்க ஆடுபவர் சிந்திப்பது விளையாட்டின் கடினம். பட்டியலின் அடிவரிக்குப் போக எந்த விசை என்று தேடுவது வெறும் தடை.

2019-இல் ஆடம்ஸ் சகோதரர்கள் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் விற்பனைக்கு ஒரு பதிப்பு கொண்டுவருவதாக அறிவித்தார்கள். ஸாக்குக்கு வந்த தோல் புற்றுநோயும், அமெரிக்க மருத்துவச் செலவு பற்றிய அச்சமும் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்தன. கிட்ஃபாக்ஸ் கேம்ஸ் பதிப்பிக்க, 2022 டிசம்பர் 6 அன்று அது வந்தது: படவடிவக் கட்டங்கள், சுட்டியால் இயக்கம், தொடக்கப் பயிற்சி, குள்ளர் மொழியிலேயே பாடிய பாடல்கள், எளிதாக்கிய வேலைப் பங்கீடு. உள்ளே ஓடும் உலகம் பெரும்பாலும் பழையதுதான். 2023 ஜனவரியில் பே 12-இன் வருவாய் 72 லட்சம் டாலரைத் தாண்டியது. அதற்கு முந்தைய மாதம் வந்தது சுமார் 15 ஆயிரம் டாலர். விலைக்கு விற்றதும், பதினாறு ஆண்டுகளாகச் சேர்ந்த புகழும் இந்த எண்ணுக்குள் இருக்கின்றன. ஆனாலும் இத்தனை பேர் வாசலில் காத்திருந்தார்கள் என்பதும், கதவு அவர்களுக்கு இறுகிக் கிடந்தது என்பதும் இதில் தெரிகிறது. உள்ளே எதையும் வெட்டிக் குறைக்காமல் மெருகேற்ற முடியும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று இந்தத் துறையில் இல்லை.

ஒரு குறை இன்னும் தீரவில்லை. 200 குள்ளர்கள், அவர்களின் ஆடுமாடுகள், ஒவ்வொருவரும் எந்த வழியாக எங்கே போவது என்ற கணக்கு எல்லாம் கூடக்கூட ஆட்டம் தவழத் தொடங்குகிறது. பகைவர் படையால் அழிந்த கோட்டைகளைவிடக் கணினி திணறியதால் கைவிடப்பட்டவை அதிகம் இருக்கும் என்றே நினைக்கிறேன். ஆழத்துக்குக் கொடுக்கும் விலை இது, அந்த விலை உண்மையானது.

ரிம்வேர்ல்டு இந்த விலையைத் தொடக்கத்திலேயே எண்ணிப் பார்த்த விளையாட்டு. கனடாவைச் சேர்ந்த டைனன் சில்வெஸ்டர் அதற்கு முன் 'பயோஷாக் இன்ஃபினிட்' உருவான நிறுவனத்தில் வேலை செய்தவர். 2013-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற பொதுநிதி திரட்டும் தளத்தின் வழியாக 20 ஆயிரம் கனடா டாலர் கேட்டார். 2 லட்சத்து 68 ஆயிரத்துக்கு மேல் சேர்ந்தது. 2016-இல் ஸ்டீமில் முற்றுப்பெறாத வடிவில் விற்பனைக்கு வந்து, 2018 அக்டோபரில் 1.0 என்ற முழுப் பதிப்பாக ஆனது. அதன் பிறகும் ராயல்டி, ஐடியாலஜி, பயோடெக், அனாமலி, ஒடிஸி என்று விரிவாக்கங்கள் தொடர்ந்தன. டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸுக்கும் 'ஃபயர்ஃப்ளை' என்ற தொலைக்காட்சித் தொடருக்கும் தான் பட்ட கடனை அவர் மறைத்ததில்லை.

2013-இல் சில்வெஸ்டர் எழுதிய 'சிமுலேஷன் கனவு' என்ற கட்டுரை இந்தத் துறையில் யாரும் தவறவிடக் கூடாதது. அவர் வாதத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். கணினிக்குள் ஓடும் உலகம் ஒன்று, ஆடுபவர் மனதில் உருவாகும் உலகம் இன்னொன்று. விளையாட்டின் மதிப்பு முழுவதும் இரண்டாவதில்தான் இருக்கிறது. முதலாவதில் எவ்வளவு நுணுக்கம் சேர்த்தாலும் அது மனதில் போய்ச் சேராவிட்டால் வீண். மறுபக்கம், தொடர்பில்லாத இரண்டு நிகழ்ச்சிகளையும் கோத்துக் கதையாக்குவது மனித மனதின் இயல்பு. படைப்பாளர் அந்த இயல்பை நம்பி விதிகளைக் குறைக்கலாம்.

இந்தச் சிக்கனம் ரிம்வேர்ல்டில் எங்கும் தெரிகிறது. கதாபாத்திரங்களுக்குக் கைகால்கள் வரையப்படவே இல்லை. அடுக்குமாடி கிடையாது, நிலவறை கிடையாது. தரை ஒரே தளம். இதற்குப் பதிலாக மனநிலை முழுவதும் திறந்து கிடக்கிறது. மேசை இல்லாமல் சாப்பிட்டாரா, மூன்று புள்ளி குறைவு. நண்பர் செத்தாரா, உறங்கும்போது யாராவது எழுப்பினார்களா, அறை அழகாக இருந்ததா என்று ஒவ்வொரு நினைப்பும் எண்ணோடு பட்டியலில் நிற்கிறது. ஒருவர் மனமுடைந்து கிடங்குக்குத் தீவைத்தால், காரணங்களை வரிவரியாகப் படிக்கலாம்: தாய் இறந்து சில நாள்தான் ஆகிறது, இருட்டில் வேலை, கடைசியாக மேசை இல்லாத சாப்பாடு. என் உரைகல்லில் இந்தப் பட்டியல் ஒரு பெரும் சாதனை. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டதற்காகக் காலனியே எரிந்தது என்று இணையத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். அவர்கள் அப்படிச் சொல்ல முடிவதே விளையாட்டு காரணத்தை ஒளிக்காததால்தான்.

நிகழ்ச்சிகளைத் தொடுப்பது கஸாண்ட்ரா, ஃபீபி, ராண்டி என்ற மூன்று கதைசொல்லிகளில் ஒருவர். கஸாண்ட்ரா நெருக்கடியைப் படிப்படியாக ஏற்றுவார், ஃபீபி இளைப்பாற விடுவார், ராண்டிக்கு ஒழுங்கே கிடையாது. இங்கேதான் எனக்கு மனக்குறை. கொள்ளையர் படையின் அளவு பெரும்பாலும் காலனியின் சொத்து மதிப்பைப் பார்த்து முடிவாகிறது. நல்ல கம்பளமும் சிலையும் வைத்தால் அதிகம் பேர் வருவார்கள். இதைத் தெரிந்துகொண்டவர்கள் வேண்டுமென்றே ஏழையாக வாழ்கிறார்கள், மிஞ்சிய பொருளை எரிக்கிறார்கள். கதைக்குள் இதற்கு நியாயமே இல்லை. தொலைவில் இருக்கும் கொள்ளையருக்கு என் அறையின் கம்பளம் எப்படித் தெரியும்? தடம் பிடித்துப் போனால் மனிதக் காரணத்துக்குப் பதில் ஒரு சூத்திரத்தில் போய் முட்டுகிறோம். பின்னர் சொத்தைச் சாராமல் நெருக்கடியை ஏற்றும் ஒரு தேர்வும் சேர்க்கப்பட்டது. குறை உணரப்பட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2016-இல் ஒரு விளையாட்டு இதழ், ரிம்வேர்ல்டின் நிரலைப் பிரித்துப் படித்து எழுதிய கட்டுரையை வெளியிட்டது. காதலைத் தொடங்கும் வாய்ப்பு பெண்களுக்கு ஆண்களுடையதில் எட்டில் ஒரு பங்காக அமைந்திருந்தது. ஆண்களில் இருபால் ஈர்ப்புள்ளவர்களே இல்லை. பெண்களில் ஆண்களை மட்டும் விரும்புபவர்களே இல்லை. சில்வெஸ்டர் அந்த வாசிப்பைக் கடுமையாக மறுத்தார், வேலை முடியாத பகுதி அது என்றார். பின்வந்த பதிப்புகளில் இருபால் ஈர்ப்பு ஒரு தனிப் பண்பாகச் சேர்ந்தது. மேசையில்லாச் சாப்பாட்டுக்கு மூன்று புள்ளி என்று திரையில் நிற்கிறது, யாரும் அதோடு வாதாடலாம். காதலின் கணக்கோ அப்போது திரையில் இருக்கவில்லை. ஆடுபவர்கள் அதை மனித இயல்பு என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள், அல்லது தற்செயல் என்று. மனிதர்களைக் கணக்காக்கும் ஒருவருடைய முன்முடிவுகள் அந்தக் கணக்கில் ஏறாமல் இருக்காது. ஆகவே அதைத் திறந்து காட்டுவது அழகு சார்ந்த தேர்வு என்று நின்றுவிடவில்லை, அதில் நேர்மையும் சேர்ந்திருக்கிறது.

'ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட்' என்ற விளையாட்டு மனிதர்களை விட்டுவிட்டுப் பொருள்களைப் பிடித்துக்கொண்டது. வான்கூவரின் க்ளை என்டர்டெய்ன்மென்ட் ஏற்கெனவே 'டோன்ட் ஸ்டார்வ்' மூலம் பெயர்பெற்ற நிறுவனம். அதே கோட்டோவியப் பாணியின் நகைச்சுவையான அசைவுகளோடு 2019 ஜூலையில் இதன் முழு வடிவம் வந்தது. ஒரு சிறுகோளின் வயிற்றுக்குள் மூன்று பேர் கண் விழிக்கிறார்கள். மூச்சுக்காற்று குறைவு, தோண்டத் தோண்டத் தீரும். அவ்வளவுதான் கதை.

திரை சிறு கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு பொருள், அதற்கு ஒரு நிறை, ஒரு வெப்பநிலை. கரியமில வாயு கனமானதால் பள்ளத்தில் தேங்கும், ஹைட்ரஜன் கூரையில் போய் ஒட்டும். தண்ணீரை மின்னாற் பகுக்கும் இயந்திரம் நொடிக்கு 1000 கிராம் நீரை எடுத்து 888 கிராம் ஆக்சிஜனும் 112 கிராம் ஹைட்ரஜனும் தருகிறது. பள்ளி வேதியியல் சொல்லும் நிறை விகிதம் இதுவேதான். ஒருவர் நொடிக்கு 100 கிராம் ஆக்சிஜன் சுவாசிக்கிறார் என்பதால் ஒரு இயந்திரம் எட்டுப் பேரைத் தாங்கும். அதே ஹைட்ரஜனை எரித்து இயந்திரத்துக்கே மின்சாரம் கொடுக்கும் அமைப்பை ஆடுபவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள்; இன்று அதில் எத்தனையோ வகைகள் புழங்குகின்றன.

எல்லா இடத்திலும் இயற்பியல் இப்படி உண்மையாக இல்லை. 100 கிராம் ஆக்சிஜனை உள்ளிழுப்பவர் 2 கிராம் கரியமில வாயுதான் வெளிவிடுகிறார். மீதி எங்கே போனது என்ற கேள்விக்கு விடை கிடையாது. ஒரு கட்டத்தில் ஒரே பொருள் என்ற விதியால், சொட்டுத் தண்ணீரை வாசலில் வைத்தே ஒரு அறைக் காற்றை அடைத்து நிறுத்திவிடலாம். இவற்றை நான் குறையாகச் சொல்லவில்லை. விதி உலகத்தோடு ஒத்துப்போகாவிட்டாலும் மாறாமல் நிற்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் கைக்கு அடங்குகிறது. ஆழத்துக்கு யதார்த்தம் கட்டாயமில்லை.

இந்த விளையாட்டின் மெருகு அதன் படங்களைவிட அதன் மேல்விரிப்புகளில்தான் இருக்கிறது. எஃப் 1-ஐத் தட்டினால் காற்று எங்கே நல்லது, எங்கே இல்லை என்று நிறமாகத் தெரியும். எஃப் 2 மின்கம்பிகள், எஃப் 3 வெப்பம். பிறகு குழாய்கள், கிருமிகள், இன்னும் பல. பல பத்துச் சுழற்சிகள் (விளையாட்டின் நாட்கள்) நன்றாக ஓடிய காலனியில் திடீரென்று பயிர் வளரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மீல்வுட் என்ற செடி 30 டிகிரிக்கு மேல் வளராது. வெப்ப விரிப்பைத் திறந்தால், முன்பு பச்சையாக இருந்த தோட்டத்தின் ஓரம் செம்மஞ்சளாகி இருக்கும். அந்த நிறத்தைப் பின்தொடர்ந்தால் சுவருக்கு அப்பால் ஒரு மின்னாக்கி. எப்போதோ அவசரத்துக்கு வைத்தது, அன்று முதல் ஒவ்வொரு நொடியும் சுற்றியுள்ள பாறையைச் சூடேற்றி வந்திருக்கிறது. சாவு மெல்ல வந்தது, வந்த வழி முழுவதும் பார்வைக்குக் கிடந்தது, நாம்தான் பார்க்கவில்லை. இந்த அனுபவத்தை இவ்வளவு சுத்தமாகத் தரும் இன்னொரு விளையாட்டு எனக்குத் தெரியாது.

அதன் மனிதர்கள் மெலிந்தவர்கள் என்பதும் உண்மை. அவர்களுக்கு அழுத்தம் ஏறும், இறங்கும். ஓரிரு குணங்கள் உண்டு. பகையும் பாசமும் நினைவும் கிடையாது. ஒருவர் செத்தால் கணக்கு மாறுகிறது, மனம் அசைவதில்லை. க்ளை அதைத் தெரிந்தே விட்டது என்று தோன்றுகிறது. ஒரே ஆட்டத்தில் காற்றையும் மனதையும் அதே நுணுக்கத்தில் காட்ட முயன்றிருந்தால் இரண்டும் மங்கியிருக்கும்.

இந்த மூன்றையும் மட்டும் பார்த்தால் துறை செழித்திருப்பதாகத் தோன்றும். கைவிடப்பட்டவையும் நிறைய. 'டவுன்ஸ்' 2012-இல் ஸ்டீமுக்கு வந்தது, நன்றாக விற்றது, 2014-இல் முடிக்கப்படாமலே நின்றது. டபுள் ஃபைன் நிறுவனத்தின் 'ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9' 2013-இல் அழகான அசைவுகளோடும் நீண்ட வாக்குறுதிப் பட்டியலோடும் வந்து, அடுத்த ஆண்டே பட்டியலில் பெரும்பகுதி நிறைவேறாமல் 1.0 என்று முத்திரை குத்தப்பட்டது. 'ஸ்டோன்ஹார்த்' கிக்ஸ்டார்ட்டரில் ஏழரை லட்சம் டாலர் திரட்டியது. கண்ணைப் பறிக்கும் கனசதுர உலகம் அது. 2016-இல் அதன் நிறுவனத்தை ரயட் கேம்ஸ் வாங்கியது, 2018-இல் வேலை முடித்துவைக்கப்பட்டது. காசு கொடுத்தவர்கள் எதிர்பார்த்த பல பகுதிகள் வரவே இல்லை.

ஸ்டோன்ஹார்த்தும் ஸ்பேஸ்பேஸும் முகத்தை முதலில் செய்துவிட்டு உடலைப் பிறகு தேடியவை. காலனி விளையாட்டில் இந்த வரிசை ஆபத்தானது. புதிதாக ஒரு விதி நுழைந்தால் அது ஏற்கெனவே உள்ள எல்லா விதிகளையும் தொடும், முன்பு மெருகேற்றிய படமும் பொத்தானும் மறுபடி மாற வேண்டும். ரிம்வேர்ல்டு தன் கைகாலற்ற உருவங்களோடு பல ஆண்டு ஓடியது இதனால்தான் சாத்தியமாயிற்று; புதிதாக ஒரு நோயைச் சேர்க்க ஓவியர் தேவைப்படவில்லை.

இதற்கு நேர்மாறாக, தன்னால் எவ்வளவு முடியும் என்று தெரிந்து செய்த ஒன்று 'பானிஷ்ட்'. லூக் ஹோடோரோவிச் தனியாளாக எழுதி 2014 பிப்ரவரியில் வெளியிட்டார். போர் கிடையாது, பணம் கிடையாது. விறகு, உணவு, கருவி, வீடு, வயது. ஆனால் அந்தச் சில விதிகளிலிருந்தே ஒரு பெரும் சோகம் பிறக்கிறது. வீடு கட்டாமல் விட்டால் இளையவர்கள் தனிக்குடித்தனம் போவதில்லை, குழந்தை பிறப்பதில்லை. ஊர் அமைதியாகவே இருக்கும். பல ஆண்டு கழித்து முதியவர்கள் ஒருசேரச் சாகும்போது வயலில் இறங்க ஆள் இருக்காது. விதிகளின் எண்ணிக்கையை ஆழம் என்று எண்ணுபவர்கள் பானிஷ்ட்டைக் கொஞ்ச நேரம் ஆடிப் பார்க்க வேண்டும். சில ஊர்களைக் கட்டி முடித்தபின் அது தீர்ந்துவிடுகிறது என்பதையும் மறுக்கவில்லை.

புதியவற்றில் போலந்தின் 'டிம்பர்பார்ன்' எனக்குப் பிடித்தது. மனிதன் அழிந்த பூமியில் கொறிக்கும் விலங்கினத்தைச் சேர்ந்த பீவர்கள் அணை கட்டி வாழ்கின்றன. வறட்சி முறைவைத்து வரும். பின்னர் நஞ்சு கலந்த நீரும் வரத் தொடங்கியது. தண்ணீர் ஓடுவதும் தேங்குவதும் ஓரத்து மண் காய்வதும் நேரடியாகக் கண்ணில் படுவதால், இங்கே மேல்விரிப்பே அதிகம் தேவையில்லை. நிலமே அந்த வேலையைச் செய்கிறது. செர்பியக் குழுவின் 'கோயிங் மெடீவல்' ரிம்வேர்ல்டுக்கு அடுக்குமாடியும் நிலவறையும் கொடுத்துப் பார்த்தது. உணவு கெடாமல் இருக்க ஆழத் தோண்டிக் குளிரைத் தேடுவது அதன் சிறந்த யோசனை. ஸ்வீடனின் யாகோப் டி லாவல் உருவாக்கிய 'சாங்ஸ் ஆஃப் சிக்ஸ்' தனிமனித நுணுக்கத்தைக் குறைத்து, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் நடமாடும் நகரத்தைத் தருகிறது. டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ் 200 பேரில் திணறும் இடத்தை வைத்துப் பார்த்தால் இந்தப் பேரம் எவ்வளவு தெளிவானது என்று புரியும். 2024 ஏப்ரலில் வந்த 'மேனர் லார்ட்ஸ்' முதல் நாளிலேயே 10 லட்சம் பிரதிகள் விற்றது. உழவு மாட்டின் நடைவரை பார்த்துப் பார்த்துச் செய்த அந்தக் கிராமத்தை ரசித்தேன். ஆனால் வெளியான அன்று அதன் பொருளாதாரத்தில் தடம் பிடித்துப் போனால் சீக்கிரமே சுவர் வந்துவிட்டது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆழமும் மெருகும் மிக நன்றாக இணைந்தது ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட்டில். மனித மனதை இத்தனை திறந்து காட்டியது ரிம்வேர்ல்டு. அதன் சொத்துக் கணக்கு மட்டும் எனக்கு இன்றும் உறுத்துகிறது. இரண்டையும்விடப் பெரிய படைப்பு டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ். அதன் சுவரில் செதுக்கப்பட்ட ஒரு மன்னனின் சாவைப் பின்தொடர்ந்து, அவர் ஆண்ட ஊர், அவரைக் கொன்றவரின் பிறப்பு என்று மணிக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கலாம். இப்போது அதற்கு மெருகும் வாய்த்துவிட்டது.

இதுவரை இந்த வகையைத் தொடாதவர்கள் டிம்பர்பார்னில் தொடங்கி, ஆக்சிஜன் நாட் இன்க்ளூடட்டுக்குப் போய், பிறகு குள்ளர்களிடம் வாருங்கள். காசில்லாதவர்கள் நேராக அங்கேயே தொடங்கலாம்: டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸின் எழுத்துக்குறி வடிவத்தை ஆடம்ஸ் சகோதரர்கள் ஸ்டீம் விற்பனைக்குப் பின்னும் தங்கள் தளத்தில் இலவசமாகவே தருகிறார்கள்.